ஞாயித்துக்கிழமை போன்

கண்ணு,

ஊர்ப் பணத்தை வாங்கி ஷேர்ல போடுற அந்த மும்பைக் கம்பெனியில நீ சேர்ந்ததுல இருந்து, ஞாயித்துக்கிழமை தவறாம எனக்குப் போன் பண்ணினே. வேலைக்குப் போனதும் தம்பிக்குப் பாசம் கூடிப்போச்சுன்னு எங்க பனியன் கம்பெனி தையல் லைன்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்.

"இன்னைக்குக் கம்பெனி பஸ் வந்துச்சுங்களாக்கா?"ன்னு கேப்பே. ஆர்டர் நெறைய இருந்தாத்தான் ஞாயித்துக்கிழமையும் பஸ் வரும். வரலை, ஊட்லதான் இருக்கேன்னு சொன்னா, "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா"ம்பே.

நேத்து பல்லடத்துக் கல்யாணத்துல நான் பந்தியில ரசம் ஊத்திக்கிட்டு வந்தேன். நீ மாமன் பையன்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தே. "ஞாயித்துக்கிழமை பஸ் நின்னுபோனதை அக்காகிட்டக் கேட்டுத்தான், அந்தப் பனியன் கம்பெனி ஷேரை மொதல் ஆளா விக்கச் சொன்னேன். அதுலதான் எனக்கு வேலையே நெரந்தரமாச்சு."

உன் எலைக்கும் ரசம் ஊத்துனேன். நீ நிமுந்து பாக்கலை.

நீங்க வித்ததும் ஷேர் சரிஞ்சு, பேங்க்காரன் கையை விரிச்சு, எங்க லைனை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த ஞாயித்துக்கிழமையும் உன் போன் வரலை கண்ணு.

இப்படிக்கு,
ஊட்ல நல்லா ரெஸ்ட் எடுக்குற
அக்கா