முப்பத்தொன்றாம் ஸ்டாலில் சிரிப்பவள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் நான் பேனாவை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறது, அதைவிட முட்டிவலியைப் பற்றிய பேச்சு அதிகமாக இருக்கிறது. உன் வேலை எப்படி? மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார விடுகிறார்களா, நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா?

என் செய்தி ஒன்றுதான், ஆனால் பெரிய செய்தி. திருமணக் கண்காட்சியில் போட்டோ ஸ்டால் போட்டேன்! மூன்று நாள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் மண்டபம், மேக்கப், கேக், பத்திரிகை, போட்டோ எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பேசி முடித்துவிட்டுப் போகிற சந்தை அது. எனக்கு முப்பத்தொன்றாம் எண். ஒரு பக்கம் கேக் செய்கிற அம்மாள். மறுபக்கம் ட்ரோன் வைத்திருக்கிற கம்பெனி. வானத்திலிருந்து எடுத்த கல்யாணத்தைத் திரையில் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். பார்த்தால் எறும்புக்கும் எறும்புக்கும் கல்யாணம் நடப்பது போல இருந்தது. ஆனால் கூட்டமெல்லாம் அங்கேதான்.

முதல் நாள் முழுக்க ஈ ஓட்டினேன். மேசையில் சாக்லேட் வைத்தேன், சின்னப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானம் கேக்கம்மாள் பொறுக்க மாட்டாமல் வந்து, "தம்பி, வாசல்ல நின்னு வர்றவங்களை ஏன் முறைக்கிற? உள்ள போ. வாசல்ல ஒரு நாற்காலியைப் போடு. பொண்ணு நிப்பா, அம்மா உக்காருவா. அம்மா உக்காந்துட்டா அரை மணி நேரம் எந்திரிக்க மாட்டா" என்றார். ஆல்பத்தை நடுப்பக்கத்தில் திறந்து வை என்பதும் அவர் சொன்னதுதான். ஆரம்பத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களே புரட்டுவார்களாம்.

இரண்டாம் நாள் ஸ்டாலின் முகப்பையும் மாற்றினேன். பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டினேன். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க நேரமில்லை. பதினோரு கல்யாணம் உறுதியாகியிருக்கிறது அக்கா!

போனை எடுத்து "சரிடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?

உன் வாயாடித் தம்பி


பிப்ரவரி 20

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. பதினோரு கல்யாணத்துக்கும் என் வாழ்த்து. அம்மாவை மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல். கடையில் உட்கார விடுகிறார்கள், நான்தான் உட்காருவதில்லை.

எங்கள் கடையில் கண் பரிசோதனை செய்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். மகள் கல்யாணத்துக்காக உங்கள் கண்காட்சிக்கு ரயிலேறி வந்திருக்கிறாள். திங்கட்கிழமை கடை திறந்ததும் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது நீதானே? ஆளுயரத்துக்கு நிக்கிற! ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா? வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரா?"

முப்பத்தொன்றாம் ஸ்டால். கல்யாண உடையில் நான். அப்போது ஒருவருக்குக் காதுப் பக்கம் ஃபிரேமை வளைத்துக்கொண்டிருந்தேன். கையிலேயே உடைந்துவிட்டது.

மூன்று வருஷமாக இந்தக் கடையில் நான் கல்யாணமாகிப் பிரிந்து வந்தவள் என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் என் இஷ்டம் என்று நினைத்திருந்தேன். இந்த ஜோடி இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அவள் உன்னைக் கேட்டாளாம். "சூப்பரா இருக்காங்க, ரெண்டு குழந்தைங்க, வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு முதல் போன் எனக்குத்தான்" என்றாயாம்.

எட்டே மாதத்தில் ஒரு பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றவளுக்கு இரண்டு குழந்தைகள். ஆணா, பெண்ணா? பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டதா? யாராவது கேட்டால் நான் சொல்ல வேண்டுமே.

போன் செய்யாதே. போனில் பேசிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவாய். சொல்வதைக் காகிதத்தில் சொல்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தாய்


பிப்ரவரி 25

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறேன். அம்மா என்னவென்று கேட்டாள். மின்சாரக் கட்டணம் என்றேன். பார், அதற்கும் ஒரு பொய்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து வருஷத்துப் படங்களையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன்! நடந்து போகிறவளை நிறுத்துகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உன்னுடையது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஆரம்பிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த ஒரு அம்மாள் அண்ணாந்து பார்த்து, "மாப்பிள்ளையை எப்படிப் பாத்துச் சிரிக்குது பாரு! நல்லா இருக்காங்களா?" என்றார். "இருக்காங்க" என்றேன். அடுத்து வந்தவர் குழந்தை உண்டா என்றார். ஒன்று என்றேன். சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டாகிவிட்டது. நீ கேட்டதால் சொல்கிறேன்: மூத்தது பெண், பாட்டு கற்றுக்கொள்கிறாள். சின்னவன் சாப்பிட அடம் பிடிப்பான். இதை எழுதக் கை கூசுகிறது. இரண்டு நாள் சொல்லும்போது வாய் கூசவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் கேக்கம்மாள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஜாடை உன்னை மாதிரியே இருக்கே, யாரு தம்பி?" என்றார். மாடல் என்றேன். அக்கா என்று சொன்னால் அடுத்த கேள்வி வருமே என்று பயம். உன்னை யாரோ ஆக்கிவிட்டேன்.

படத்தைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு அக்கா. உன் கடைக்கு நானே வந்து உண்மையைச் சொல்லட்டுமா?

வாயாடி


மார்ச் 6

தம்பிக்கு,

நீ வர வேண்டாம். கண் பரிசோதனை அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன். மத்தியானம் தன் டப்பாவிலிருந்து பாதியை என் தட்டில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய ஒன்றுக்குக் கேட்கவில்லை.

மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று அந்த அம்மாள் சொன்னாள், நீ ஆமாம் போட்டாய். அந்தப் படத்தில் அவருக்கு முதுகும் தோளும்தான் இருக்கின்றன. நான் அவர் தோளுக்கு மேலாக உன்னைப் பார்க்கிறேன். நீ கேமராவுக்குப் பக்கத்தில் தலையை நீட்டி, அப்பா இருந்த காலத்தில் நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுவாரே, அது மாதிரி நடித்துக் காட்டினாய். யாருக்கும் சிரிப்பு வரும். தூக்குமேடை ஏறப் போகிறவளுக்கும் வரும்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் மணப்பெண் அலங்கார அறையில் நீயும் நானும் மட்டும் இருந்தோம். "எனக்கு இது வேண்டாம்டா. பயமா இருக்கு. யார்கிட்டயாவது சொல்லி நிறுத்து" என்று உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "வெளிச்சம் போகுதுக்கா. ஒரே ஒரு தடவை சிரி."

எட்டு மாதம் கழித்து நான் திரும்பி வந்த அன்றைக்கு அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "அன்னிக்கே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமேடி!" என்று அழுதாள். நீ மூலையில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவே இல்லை. அன்றிலிருந்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உரக்கச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னதைச் சொன்னதாக நினைத்துக்கொண்டேனா? அந்தச் சந்தேகத்தோடு உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொன்னது உன் காதில் விழுந்ததா, இல்லையா? ஒரு வரி போதும். நீட்டி முழக்காதே.


மார்ச் 27

அக்கா,

விழுந்தது.

நீ கேட்ட ஒரு வரியை எழுதிவிட்டேன். மீதியைப் படிக்காமல் கிழித்துப் போட உனக்கு உரிமை இருக்கிறது.

அன்று காலையில் மண்டப மேனேஜர் என் தோளில் கை போட்டு, "இந்த ஆல்பம் நல்லா வரட்டும், இனிமே இங்க நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் உன்னையே சொல்றேன்" என்றிருந்தார். நான் படம் எடுத்த முதல் கல்யாணம் அது. நின்றுபோன கல்யாணத்துக்கு ஆல்பம் ஏது? நீ சொன்னபோது என் மனதில் ஓடியது அதுதான். அக்காவுக்கு என்ன ஆகும் என்று ஓடவில்லை. இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. நீ சொல்லும்போது என் கண் கேமராவில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் உன் ஈரக் கன்னத்தில் அழகாக விழுகிறதே என்று நினைத்தேன். விரல் அழுத்திவிட்டது. நீ என்னைக் கெஞ்சினாய், நான் உன்னைப் படம் எடுத்தேன். அந்தப் படம் இருக்கிறது. சிரிக்கிற படத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் என்று நேரம் காட்டுகிறது. இத்தனை வருஷம் யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் தைரியமில்லை. அன்றைய மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் படத்துக்கு என்னிடம் வேறு பிரதி இல்லை.

அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டினேன். கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல அவ என்ன சொல்றா?" என்றாள். சொன்னேன். "நான் அவளைத் திட்டினப்ப நீ அங்கதான இருந்த?" என்றாள். இருந்தேன் என்றேன். நான்கு நாளாக இப்படித்தான்: சாப்பாட்டு நேரத்துக்கு வெறும் தட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். உன் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

பதினோரு வீட்டுக்கும் போன் செய்து, அந்த ஜோடியைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொன்னேன். நான்கு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒருவர், "இதெல்லாம் வியாபாரத்துல சகஜம்தானே தம்பி" என்று சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் மணப்பெண் அறைக்குள் போனால் முதலில் கேமராவைக் கீழே வைக்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. "போட்டோக்காரரே, ஏன் முழிக்கிறீங்க?" என்கிறார்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை இந்தத் தடவை எழுதவில்லை.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். வருகிறவர்கள் கண்ணில் படாமல் கண் பரிசோதனை அக்கா திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா போன் செய்தாள். ஐந்து நிமிஷம் மூக்கை உறிஞ்சினாள், பிறகு அரை மணி நேரம் முட்டிவலியைப் பற்றிப் பேசினாள். அவளிடம் உனக்குத் தட்டோடு சாப்பாடும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இளைத்துப்போனால் அதற்கும் என்னைத்தான் சொல்வீர்கள்.

படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பெண்ணின் வாய் திறந்திருக்கிறது. நன்றாகவே திறந்திருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கை உன் பக்கம் நீண்டிருக்கிறது. வாயில்லாப் பூச்சி, வாயில்லாப் பூச்சி என்று ஐந்து வருஷமாக அவளை நான் திட்டாத நாள் இல்லை. பாவம், அவள் சொல்லியிருக்கிறாள். கேட்க வேண்டியவன் காதில் விழுகிற மாதிரியே சொல்லியிருக்கிறாள்.

நீ எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். இதைச் சொல்ல எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் அதைப் பிரதி போட்டு என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். காலையில் துணி எடுக்கும்போது பார்க்கிறேன்.

சிரிக்கிற படத்தை நீயே வைத்துக்கொள். மாட்டினாலும் சரி, பரணிலேயே கிடந்தாலும் சரி. மாட்டினால், யார் என்று கேட்பவர்களிடம் எங்கள் அக்கா என்று சொல். நல்லா இருக்காங்களா என்று கேட்டால், இருக்காங்க என்று சொல். அது பொய் இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்காதே.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

போன் செய்யாதே. ஒரு நாள் நானே செய்வேன். அன்றைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிரு.

அக்கா