சாயங்காலத் தண்ணீர்

அக்கா,

இன்று காலை பாயான் பாருவில் உள்ள என் வீட்டில் குழாயைத் திறந்தேன். குழாய் இரண்டு முறை இருமியது; செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றுபோனது. துருவும் குளோரினும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் "ஏன் தண்ணி வரல?" என்று கேட்டார்கள். நீங்களாக இருந்தால், "வராத தண்ணி எங்க போகுது?" என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த, ஓய்வுபெற்ற அரசாங்கத் தாதி. நான் கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கத்தோலிக்கப் பெண். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த மகளிர் சங்கம்தான் நம்மைச் சேர்த்தது. கூட்டம் தொடங்குவதற்குள் கீழிருந்து வரும் குழம்பு மணத்தில் எல்லோருக்கும் பசி வந்துவிடும். உங்களுக்கு மட்டும் பசி தெரியாது. வருகிறவர்களின் முகத்தைப் படிப்பதிலேயே இருப்பீர்கள்.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி அந்த மாடிக்கு வந்தார். வெளிநாட்டு அறநிதி ஒன்றின் ஆள். தோட்டப்புறத்தில் தண்ணீர்ச் சிக்கனத்தைப் பெண்களே பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு மானியம் தருகிறோம் என்றார். நல்ல தமிழ், மடிப்புக் கலையாத சட்டை, கையில் கேக் பெட்டி. சங்கத் தலைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. நீங்கள் கேக்கைத் தொடவில்லை.

"உங்களுக்கு இதை ஆர் தாறது, தம்பி?"

"நல்ல மனசுள்ளவங்க நெறைய பேர்க்கா."

"அவைக்குப் பேர் இல்லையோ?"

அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கேட்ட கேள்விக்குச் சிரிக்கிற ஆக்களைக் கண்டா எனக்குப் பயம், பிள்ளை. வகுப்பு நல்லது, வருவன். ஆனா கண்ணை மூடிக்கொண்டு வரமாட்டன்."

தீவிலிருந்து படகேறி அக்கரைக்குப் போய், பஸ் பிடித்து, பத்து காவான் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்துப் பொதுக்குழாய். நிர்வாகம் திறந்துவிட்டால்தான் தண்ணீர், காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தகரக் கூரையில் விழும் மழையை டிரம்மில் பிடிப்பது, கொசு வராமல் மூடுவது, துணி அலசிய தண்ணீரைச் செடிக்கு விடுவது என்று நாம் படம் போட்டுக் காட்டினோம். பால்மரம் வெட்டுகிற பவுனம்மா எழுந்தார்.

"டவுன்லேர்ந்து வந்து தண்ணிய கொறச்சுப் பொழங்கச் சொல்றீங்க. மிச்சமாகுற தண்ணி யாருக்குப் போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் முகமோ மலர்ந்துவிட்டது. "நீங்கதான் இந்த வகுப்பை நடத்தவேணும்" என்று படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தீர்கள்.

பவுனம்மா நடத்தத் தொடங்கிய பிறகு வகுப்பு களைகட்டியது. அடுத்த மழைக்குள் வீட்டுக்கு வீடு டிரம் நின்றது. பிறகு ஒருநாள் போனபோது பவுனம்மா பாயில் உட்கார மறுத்தார். நிர்வாகம் சாயங்காலத் தண்ணீரை நிறுத்திவிட்டதாம். கேட்கப் போனவர்களிடம் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி, "அதான் மிச்சம் புடிக்கப் படிச்சிட்டீங்களே, காலைத் தண்ணி போதும்லா" என்றாராம்.

"இதுக்குத்தான் வந்தீங்களாக்கா?" என்று பவுனம்மா உங்களைக் கேட்டார்.

திரும்பி வரும்போது படகில், காற்றுக்குச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "தோட்டக்காரனுக்கும் நிதிக்காரருக்கும் தொடர்பு இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனா எங்கட பாடத்தைக் கொண்டுதான் அவன் குழாயைப் பூட்டியிருக்கிறான்" என்றீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அதிகாரி கேமராவோடு வந்தார். டிரம் பக்கத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வேண்டுமாம். முதலில் நிர்வாகத்திடம் பேசிச் சாயங்காலத் தண்ணீரைத் திறக்கச் சொல்லுங்கள் என்றீர்கள்.

"நம்ம வேலை கல்விக்கா. தண்ணி தொறக்குறது அவங்க விஷயம். தலையிட்டா அரசியலாயிடும்லா."

"தண்ணியை நிப்பாட்டினதுக்குப் பிறகு தண்ணிப் பாடம் எடுக்கிறது கல்வியோ?"

தலைவி உங்களை உட்காரச் சொன்னார். நீங்கள் உட்காரவில்லை. அதற்குப் பிறகு மானியம் தொடரவில்லை. வீட்டுக்கு வந்த மகாலட்சுமியை விரட்டிவிட்டதாகச் சங்கத்தில் உங்களைப் பேசினார்கள். எத்தனையோ பிரசவத்துக்கு நீங்கள் துணைநின்ற வீட்டுப் பெண்களே படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நீங்கள் சங்கத்துக்கு வருவதை நிறுத்தினீர்கள். தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. நானும் கூடவே வந்தேன்.

துரை பங்களாவில் சாயங்காலம் முழுக்கப் புல்லுக்குத் தண்ணீர் ஓடுகிறது என்பதைப் பவுனம்மாதான் கவனித்தார். வேலை முடிந்ததும் பெண்கள் வாளிகளோடு பங்களா வாசலில் போய் நின்றார்கள். கோஷம் இல்லை, சண்டை இல்லை. "எங்க கொழாய்ல வரல தொர, இங்க புடிச்சிக்கிறோம்." மறுநாளும் நின்றார்கள். அதற்கு மறுநாளும். கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் நீங்களும் வாளியோடு வரிசையில் நின்றீர்கள். கிராணி, "நீங்க யாரு?" என்று அதட்டினார்.

"தண்ணி பிடிக்க வந்தனான்" என்றீர்கள்.

ஒரு சாயங்காலம், யாரும் சொல்லாமலே லயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பவுனம்மா கையை நீட்டி நனைத்துப் பார்த்தார். "நாளைக்கும் வருதான்னு பாப்போம்" என்றார். நீங்கள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுநாளும் வந்தது. பிறகு நிற்கவே இல்லை.

போன வருடம் உங்கள் இறுதிச் சடங்குக்கு அந்த அதிகாரி வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அக்கா கேட்டது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மேலிடத்துல விசாரிச்சேன். நிதி குடுத்தவங்கள்ள தோட்டத்து முதலாளியும் ஒருத்தர். கேட்டதுக்கு என்னைய அந்த வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க."

உண்மையா, சாவு வீட்டுக்கென்று கட்டிக்கொண்டு வந்த கதையா? அவர் கண்ணைப் பார்த்தேன். "அவங்க உயிரோட இருந்தப்பவே வந்து சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பாங்களா?"

நம்பியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். அவரை உள்ளே அழைத்துப்போய் உங்கள் முகத்தைப் பார்க்க வைத்தேன். குனிந்து நின்று அழுதார். அந்த அழுகையையும் நான் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், அக்கா. இப்படிப் பார்க்கிற கண்ணை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஆனாலும், திருப்பிக் கேட்டு நீங்களே வந்தாலும் தரமாட்டேன்.