காந்தம் தள்ளப்போகும் கை

ஜோமோன் அப்பா,

கப்பைக்கிழங்கு அடுப்பின் மேல் இருக்கிறது. மத்திக் குழம்பைச் சட்டியோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிறேன். "சுவக்கீன் சார் பெரிய மனுசன், பழசை விடு பிலோமி"ன்னு நேற்று சொன்னீர்களே, அதற்குத்தான்.

விடுவேனா? நான் சயின்ஸ் டீச்சராக இருந்தபோது, பிள்ளைகள் கையில் காந்தத்தைக் கொடுத்ததற்கு எனக்கு மெமோ கொடுத்த ஹெட்மாஸ்டர் அவர். ஆய்வக அலமாரியை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும்தான் திறப்பார். "தொட்டா அறிவு வராது டீச்சர், உடைசல்தான் வரும்" என்று எஸ்டேட் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். காந்தத்தைத் தொட்ட பாவத்துக்கு என் வகுப்புப் பிள்ளை மாரீஸ்வரியை வெயிலில் முட்டி போட வைத்தார்.

இன்று அதே பள்ளியில் தொட்டுணரும் கருவிக்குத் திறப்பு விழா. திரையில் இரண்டு காந்தங்கள் தெரியும். கைப்பிடியைப் பிடித்து ஒன்றை மற்றதன் அருகே கொண்டுபோனால், அது தள்ளுகிற விசை நம் கையிலேயே தெரியும். சிறப்பு விருந்தினர் யார்? சுவக்கீன் சார்! கருவியைச் சரிபார்க்கச் சொன்னது யாரை? என்னை! விசையை உச்சத்தில் வைத்துவிட்டேன். நேற்று நானே பிடித்துப் பார்த்தேன். இங்கே சக்குபள்ளத்தில் நின்றவளை எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டுக்கே தள்ளிவிட்டது!

"சார், இப்ப என்ன புரிஞ்சுது?" என்று மைக்கில் கேட்கப் போவது மாரீஸ்வரி. இப்போது அங்கே சயின்ஸ் டீச்சர் அவள்தான். "தொட்டாத்தான் புரியுது" என்று அவர் வாயால் சொல்லும்வரை மேடையை விட்டு இறங்க விடமாட்டோம்.

வெளியே கிளம்பினால் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுப் பின்சியிடம் கொடுங்கள்.

பிலோமி

இன்னொன்று: வெறும் கிழங்கு இறங்காவிட்டால் விழாவுக்கே வந்துவிடுங்கள். சார் பக்கத்து நாற்காலியில் உங்கள் பெயரை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அடுத்துக் கைப்பிடியைப் பிடிக்கப் போவது நீங்கள்தான்.