சுரண்டிய இடம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருப்பவருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு, கிழித்ததை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. இதை நீ படிக்கிறாய் என்றால் அம்மா அனுப்பிய ஓவர்கோட்டின் உள்துணியை இடது பக்கம் பிரித்துவிட்டாய் என்று அர்த்தம். அம்மாவின் கடிதத்தில் "இடது பக்கத் தையல் கோணல், பிரித்துத் தைத்துக்கொள்" என்று ஒரு வரி இருந்ததே, அது அம்மா சொன்னதில்லை, நானாகச் சேர்த்தது.

இங்கே எல்லோரும் சுகம், நீ சுகமாக இருக்கிறாய் என்று கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். பார்த்தாயா, அம்மா சொல்லச் சொல்ல ஐந்து வருடமாக உனக்கு எழுதி, கடிதம் என்று உட்கார்ந்தாலே அவள் வாசகம்தான் முதலில் வந்து நிற்கிறது. சரி, அதுவும் இருக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முன்பு நாளைக்கு நாற்பது விரிப்பு வரும், இப்போது இருநூறு வருகிறது. கறை போகாத விரிப்புகளைத் தனியாகக் கட்டி வைக்கச் சொல்கிறார்களாம். அதை மட்டும்தான் சொன்னாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, அப்பா சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று மூன்று மாதமாகிறது. நாட்டின் எல்லையையே சரிசெய்தவருக்கு ஒரு குழாய் பெரிய காரியமா என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புது வரைபடத்தைச் செய்தித்தாளில் பார்த்தாய், கோட்டைப் பார்த்ததும் அப்பாவின் கை என்று கண்டுபிடித்துவிட்டாய், அப்பா போடும் கோடு பொய் சொல்லாது, மொட்டை மலை நம்முடையது என்று அவர் வரைந்திருந்தால் அது நம்முடையதுதான், மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்து படையில் சேர்கிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா அந்த வரியை மூன்று தடவை சத்தமாகப் படித்தார். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலோரம் போய் நின்று படித்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு "நம்ம கையில என்னங்க இருக்கு" என்றாள். அப்பா என்னைப் பார்த்து "எழுதும்மா, தைரியமா வரச் சொல்லு" என்றார். நானும் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன். அந்தக் கடிதத்தை நம்பாதே, இதை நம்பு.

போன மழைக்காலத்தில் அப்பாவின் நில அளவை அலுவலகத்துக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். மறுநாள் அப்பா மூல வரைபடத்தையே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த மெழுகுத் துணி உனக்குத் தெரியும், அப்பா அதன்மேல் மையால் வரைந்ததை வைத்துத்தான் எல்லாப் பிரதியும் அச்சாகும். அலுவலகத்தில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்களாம், வீட்டில்தான் கை நிதானமாக ஓடுமாம். சாப்பாட்டு மேசையில் விரித்து, சவர பிளேடால் பழைய எல்லையைச் சுரண்டினார். நூல் பிரியாமல் சுரண்டுவதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை, அது உண்மைதான். சுரண்டிவிட்டு, சொரசொரப்பு தெரியாமல் வழவழப்பான கல்லால் தேய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எங்க சுரண்டினேன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். நான் கண்ணை மூடி விரல் நுனியால் தடவிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது அண்ணா. செய்கிற காரியத்துக்காக இல்லை, அது தெரிந்துவிட்டதே என்று. மறுபடி அரைமணி நேரம் தேய்த்தார், எனக்கே தெரியாமல் போகும் வரை. அப்போது அவர் சிரித்த சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன், நடுவில் படிப்பதை நிறுத்தாதே. மலைமேல் முப்பது வீடுகள் இருந்தன, துணியில் முப்பது கறுப்புப் புள்ளிகள். அவற்றையும் எடுக்கச் சொல்லி உத்தரவு, ஆள் இல்லாத மலை என்று காட்ட வேண்டுமாம். சின்ன வேலை என்று அப்பா என்னிடம் கொடுத்தார். நான் பிளேடின் முனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு புள்ளிக்கு மூன்று சுரண்டல் போதும். அவருக்குக் கை நடுங்கியதால் மலையின் பெயரையும் நம் எல்லைக்குள் நான்தான் எழுதினேன். மனசாட்சியால் நடுங்கியது என்று நினைத்துவிடாதே, சர்க்கரை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். கூலியாக ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். அந்தப் பேனாவால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், வேறு பேனா இல்லை.

அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் தொங்குகிறது. பூகோள டீச்சர் என் எழுத்தின்மேல் குச்சியால் தட்டித் தட்டி "இது யாருடையது?" என்று கேட்கிறார், ஐம்பது பேரும் "நம்முடையது" என்று கத்துகிறோம். முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அண்ணன் படையில் சேர்ந்து அங்கே போனான், டிரங்குப் பெட்டி மட்டும் திரும்பி வந்தது. அவள் மத்தியானம் யாரும் இல்லாதபோது படத்துக்கு முன்னால் நின்று "இதுல எந்த இடம்டி?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதிய முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

பால்காரர் இருபது வருடம் மலையடியில் இருந்த எல்லை வாயிலில் பாஸ் காட்டி, முத்திரை வாங்கி, மலைமேல் அந்த முப்பது வீட்டில் பால் கறந்து கொண்டுவந்தவர். இன்று தெருமுனையில் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, நம் மலையை மீட்போம் என்கிறார். யாருடைய வாயிலில் யாரிடம் பாஸ் காட்டினீர் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியவர்களும் அதே வாயிலில் வரிசையில் நின்றவர்கள். தன் மகனுக்கு மட்டும் காது கேட்காது என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிவிட்டார். அந்தப் பையன் மாடியில் ரேடியோ கேட்கிறான், பாட்டு எங்கள் வீடு வரை வருகிறது. மலையில் இப்போது ஒரு வீடும் இல்லை என்று அம்மாவிடம் பால் ஊற்றும்போது அவரே சொன்னார், விலை ஏறிவிட்டது என்று சொல்கிற அதே குரலில். நான் முதலில் துணியிலிருந்து எடுத்தேன், இவர்கள் பிறகு மலையிலிருந்து எடுத்தார்கள்.

அப்பாவிடம் ஒரு நாள் கேட்டேன், "ஏம்ப்பா, அது அவங்க மலைதானே?" என்று. "நான் கோடு போடறவன், எங்க போடணும்னு சொல்றது என் வேலை இல்ல" என்றார். அப்போ அதிகாரி வேலையா என்றால் "அவர் பாவம், மேலிடத்து உத்தரவு" என்றார். மேலிடம் என்றால் யாருப்பா என்றேன். பேனாக்கத்தியால் கூரையைக் காட்டினார். கூரைக்கு மேலே நம் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. இவர்கள் சொல்வதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலையில் யாரும் யாரையும் கொல்லவே இல்லை. கோடு போட்டவருக்குச் சம்பளம், கையெழுத்துப் போட்டவருக்கு உத்தரவு, குச்சியால் தட்டியவருக்குப் பாடத்திட்டம். அம்மாவுக்கு, கையில் என்ன இருக்கிறது. கையில் இருநூறு விரிப்பு இருக்கிறதே அம்மா! கேவலமாக இருக்கிறது அண்ணா, இந்த வீட்டில் சாப்பிடவே கேவலமாக இருக்கிறது, சாப்பிடாமலும் இருக்க முடியவில்லை.

உன்னையும் விடப்போவதில்லை. இந்தக் கடிதத்தோடு எட்டாக மடித்த தாள் ஒன்று இருக்கும், விரித்துப் பார். வரைபடத்தின் பழைய அச்சு. எல்லை மலைக்கு இந்தப் பக்கம், அடிவாரத்தில் ஓடுகிறது. அதன்மேல் பென்சிலால் ஒரு வாயில் வரைந்து தொப்பி போட்ட காவல்காரனை நிற்க வைத்திருப்பது யார்? நீதான், எட்டு வயதில். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நாம் எல்லோரும் மலைக்குப் போன அன்று பாஸைத் தொலைத்துவிட்டு அந்த வாயிலில் அழுதவன் நீ. அவன் "அடுத்த தடவ பத்திரமா வச்சுக்கோ தம்பி" என்று விட்டான் என்று, "கேளு எலி" என்று தொடங்கி எத்தனை தடவை எனக்குக் கதை சொல்லியிருக்கிறாய். அதை நீ மறந்துவிட்டாய் என்றால் நான் நம்ப மாட்டேன். அப்பாவின் கோட்டை நம்புவது உனக்குச் சௌகரியமாக இருக்கிறது. நம்பி வந்து துப்பாக்கியைத் தூக்கினால் நீயும் இவர்களில் ஒருவன், நான் உனக்குக் கடிதம் எழுத மாட்டேன்.

வராதே. பழைய தாள்களை எல்லாம் நாளை மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், வைத்திருப்பவர்களுக்குச் சிறை என்று உத்தரவு. அப்பாவின் பெயரில் ஆறு தாள், ஐந்துதான் இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து தேடுகிறார். அம்மா அலமாரித் தட்டில் விரித்துவிட்டாள் என்று சண்டை, அவள் தட்டுகளை எல்லாம் உருவிக் காட்டிவிட்டாள். பார்சல் விடிந்ததும் போகிறது. திறந்து பார்ப்பார்களாம், தையலைப் பிரிப்பார்களா என்று தெரியவில்லை. தையல் மூன்று பக்கம் முடித்துவிட்டேன், இதை உள்ளே வைத்து நாலாவது பக்கத்தை மூட வேண்டும். என் கையைப் பார்த்தால் அப்பாவின் கை போல இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு ஈரத்தோடு வெளியே போகாதே, நீண்ட ஆயுளோடு நல்ல பெயரோடு இரு என்று அம்மா சொன்னதையே நானும் சொல்கிறேன், நல்ல பெயர் என்பதை மட்டும் யோசித்துச் சொல்கிறேன். வேலையை விட்டுவிடாதே, மறந்துவிடாதே, அந்தத் தாளை

அப்பா தட்டுகிறார். இந்த வீட்டில் அவர் எந்தக் கதவையும் தட்டி நான் கேட்டதில்லை, திறந்துகொண்டு வந்துவிடுவார். வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறார்.

உன் எலி