நைனாவின் கழுத்துக் கோடு

12-3-1974, செவ்வாய்

நைனா கழுத்தில் டாக்டர் ஊதா மையால் போட்ட கோடு அழிந்துவிட்டது. புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும் இடத்துக்கு அடையாளம் அது. தண்ணீரே படக்கூடாது என்றிருந்தார்கள். சாயங்காலம் கரைவலையில் மீன் கனத்து, ஆள் போதவில்லை என்று கூப்பாடு கேட்டதும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி வலையைப் பிடித்திருக்கிறார்.

“இன்னா நைனா இது?” என்றேன்.

“வலை கிழிஞ்சிகினு கீது, பாத்துகினு நிக்கச் சொல்றியா?”

அம்மா என் பேனாவை எடுத்து நீட்டினாள். “நீயே வரைஞ்சி உட்டுடுடீ. பட்டணத்து ஆஸ்பத்திரில பாத்தா திட்டுவாங்க.”

மாட்டேன் என்றேன். ஒரு விரல் தள்ளிப் போட்டுவிட்டால்? அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் டாக்டரிடம் நான்தான் சொல்லியாக வேண்டும்.

நைனா உப்பு வாடையோடு குறட்டை விடுகிறார். கரண்ட் வைக்க ஆரம்பித்த பிறகு இன்றைக்குத்தான் இப்படித் தூங்குகிறார். எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் அந்தக் குறட்டை நின்றுவிடக் கூடாதே என்று காது கொடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.