கட்டில் வண்டியும் இறக்கமும்

இன்று காலை, நான் பில் போடும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் ஷூ கருகிய நெடி என் மேசை வரை வந்தது. "மலை வண்டி மேடம். இன்ஜின ஆஃப் பண்ணிட்டே எறங்கிக்கினு வந்திருக்கான்" என்று மெக்கானிக் சிரித்தார். நான் எழுந்து தெருவில் போய் நின்றேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அந்த நெடியை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு மின்சார வண்டி செய்ய மற்றவர்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினார்கள். நமக்கு அதற்கு வழியில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த இரும்புக் கட்டிலை வண்டிச் சட்டத்துக்கென்று வார்டனிடம் கேட்டு வாங்கியவள் நீ. நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதைக் கேட்டாலும் தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயம். உன் வீட்டிலும் நீதான் முதல் ஆள். உனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. "நீ பேசவே வாணாம்டி. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசுறேன்" என்பாய்.

பழைய மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரையும் கன்ட்ரோலரையும் காயலான் கடையில் எடுத்தோம். கடைக்கார பாய் கேட்டார்: "இன்னாமா, கட்டில்ல மோட்டார் வெக்கிறீங்க? தூங்கிக்கினே காலேஜ் போறதுக்கா?"

"ஆமா பாய். க்ளாஸ்ல தூங்க வுட மாட்றாங்க" என்றாய்.

கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலிதான் சீட். ஒரு சக்கரத்துக்கு மட்டும் கேபிள் பிரேக். அது போதாதென்று, லிவரை அழுத்தினால் மோட்டாரே வண்டியைப் பிடிக்கும்படி ஒயர் இணைத்தேன். சாவியை அணைத்தால் அந்தப் பிடி போய்விடும். அது எனக்குத் தெரியும்.

ஏரிக்கரைச் சரிவில் முதல் ஓட்டம். பேட்டரிகள் பழசு, சார்ஜ் நிற்காது. "எறக்கந்தானே, எதுக்குக் கரண்ட்ட வீணாக்கிக்கினு?" என்று சாவியைத் திருப்பினாய். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வண்டி நேராகக் கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றது. முகமெல்லாம் சேறோடு எழுந்து வந்தாய்.

"ஏண்டி, உனக்குத் தெரியும்தானே? வாயத் தொறந்தா முத்து உதிந்துடுமா?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று சிரித்திருக்கக் கூடாது.

உன் மலை ஊரில் எல்லாரும் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பெட்ரோல் மிச்சம். சனிக்கிழமைகளில் உன் அண்ணனின் பைக்கில் என்னை உன் ஊருக்கு அழைத்துப் போவாய். ஞாயிறு திரும்பும்போது முதல் வளைவுக்கு முன்பே இன்ஜினை அணைத்துவிடுவாய். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். நீ பாடிக்கொண்டே ஓட்டுவாய். பாதி மலை இறங்குவதற்குள் கருகல் நெடி வரும். இன்ஜினின் பிடி இல்லை, பிரேக் தனியாகத் திணறுகிறது என்று எனக்குப் புரியும். நம் கட்டில் வண்டி சொல்லிக்கொடுத்த பாடம்தானே. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். எத்தனை அடுத்த வாரங்கள்.

ஒரு ஞாயிறு நான் வரவில்லை. நீ தனியாக இறங்கினாய். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள்.

காரியத்துக்கு வந்தபோது, அத்தனை பேர் நடுவில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ பின்னால இருந்திருந்தா வாணாம்னு சொல்லியிருப்பா. வண்டி செஞ்ச பொண்ணு. சொல்லியிருப்ப இல்லமா?"

நான் தலையாட்டினேன்.

போன மாதமும் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைக் காட்டினார். "எம்பொண்ணு இவ பேச்சு ஒண்ணத்தான் கேப்பா. அன்னிக்குனு பாத்து இவ கூட இல்ல." சோற்றைப் பிசைந்தபடி மறுபடி தலையாட்டினேன். அவர் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார். அதையும் எப்படிப் பிடுங்குவேன்?

உன் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் நான் வாயை மூடிக்கொண்டு வந்தது, என்னைத் தவிர ஒருத்திக்குத்தான் தெரியும். என் தலையாட்டல் பொய் என்று சொல்ல நீயும் இல்லை.