வளைவுக்கு அப்பால் வரும் ஜீப்

அக்கா,

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கீழ்ப் பாதையில் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு ஏறிற்று. அது வளைவு திரும்பும் முன்பே, "பெரிய துரை ஜீப்பு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தோட்டத்தை ஆண்ட அந்தத் துரையும் இல்லை, அந்த ஜீப்பும் இல்லை. இப்போது ஏறுவதெல்லாம் மூணாறு பார்க்க வருகிறவர்களின் வண்டிகள்தான்.

எழுபதுகளில் சின்னக்கானல் மலையில் நீயும் நானும் அடுத்தடுத்த நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தோம். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், ஆரம்பித்துவிடுவோம். நான் துரை ஜீப் என்றால் நீ ஆஸ்பத்திரி ஜீப் என்பாய். "ஏட்டி, மேட்டுல அது இருமுத இருமலக் கேட்டியா? துரை வண்டி இப்படியா இருமும்?" வண்டி கண்ணெதிரே வந்து, துரையே இறங்கினாலும் விடமாட்டாய். "டிரைவர் மாறியிருப்பான், அதான் சத்தம் வேற" என்று சாதிப்பாய். என்ன வாய் உனக்கு!

ஜெயித்தவளுக்கு ஒன்றும் வரவில்லை, தோற்றவளுக்கு ஒன்றும் போகவில்லை. பிறகு ஏன் அவ்வளவு ஆசை? கங்காணி சொன்னாலும் துரை சொன்னாலும் தலையாட்டியே பழகியவர்கள் நாம். பயமில்லாமல் "இல்லை" என்று சொல்லிப் பார்க்க நமக்கு அந்த ஜீப்தான் கிடைத்தது.

உன் மகள் எஸ்தர் காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்த அன்று, லயத்து வீட்டு வாசலில் ஆஸ்பத்திரி ஜீப்புக்காகக் காத்திருந்தோம். ஒரு சத்தம் கேட்டது. "அக்கா, வந்துட்டு" என்றேன். "ஆமா" என்றாய். வந்தது விறகு ஏற்றும் ஜீப். நீ அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாய். பிள்ளையின் காய்ச்சலைவிட உன்னுடைய அந்த "ஆமா"தான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சத்தம் கேட்டது. மேட்டில் அந்த இருமல் என் காதிலும் நன்றாக விழுந்தது. ஆனாலும், "இது துரை ஜீப்புக்கா" என்றேன். நீ நிமிர்ந்தாய். "கூறுகெட்டவளே, காது அவிஞ்சா போச்சு? ஆஸ்பத்திரி ஜீப்புதான்!" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடினாய். எஸ்தர் பிழைத்தாள். அன்று தோற்றதைப்போல் நான் எதற்கும் சந்தோஷப்பட்டதில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு என்னோடு மல்லுக்கு நிற்க ஆளில்லை. எல்லோரும் மரியாதை கொடுக்கிறார்கள். இன்று காலை பக்கத்தில் இருந்தது எஸ்தர்தான். நான் துரை ஜீப் என்றதும், கிழவி மனம் நோகக்கூடாது என்று, "ஆமா சித்தி" என்றாள். நல்ல பிள்ளை. டீயைக் கீழே வைத்தேன்.

"ஆமான்னு சொல்லாதட்டி" என்றேன். "உங்கம்மா மாதிரி இல்லைன்னு சொல்லு."